வெறுமையில் எழுந்த கோயில்
(ஆலயத் திருவிழாவில் ஆற்றிய உரை)



திருவிழாக் காலத்தில் ஆலயம் நிறைந்து காணப்படுகின்றது. ஆயினும் இப்பெருங்கூட்டத்தின் நடுவே, கைகளைக் கூப்பியும் நெஞ்சில் ஒன்றும் தோன்றாமல் நிற்பவர் சிலர் இருக்கக்கூடும். அடியேனும் அவ்வாறு நின்றதுண்டு. என் தாயார் மறைந்தபின் பல மாதங்கள் வெள்ளிதோறும் ஆலயம் வந்தேன், தீபாராதனை கண்டேன், திருநீறு அணிந்தேன். மனமோ ஆளில்லா வீடுபோல் கிடந்தது. இறைவன் என்னைக் கைவிட்டானோ என அஞ்சினேன்.

அந்நாளில் எனக்குத் துணைநின்றது, தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் சொல்லக் கேட்ட பூசலார் நாயனார் வரலாறாகும். சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டில் அருளிய பெரியபுராணம் போற்றும் 63 நாயன்மார்களுள் இவர் ஒருவர். சென்னைக்கு மேற்கேயுள்ள திருநின்றவூரில் வாழ்ந்தவர். சிவபெருமானுக்குக் கோயில் எடுக்க விரும்பிப் பொருள் தேடினார், சிறிதும் கிடைக்கவில்லை. உள்ளம் நைந்தார். பின்னர்ச் சிந்தையிலேயே கோயில் கட்டத் துணிந்தார்.

கண்ணை மூடிய கணத்தில் அவருக்குக் கோயில் எழுந்துவிடவில்லை. மனத்தாலே தச்சரைத் தேடினார், நன்னாள் பார்த்தார், ஆகம முறைப்படி அடித்தளம் இட்டார், இரவிலும் கண்ணுறங்காமல் படிப்படியாக எழுப்பினார். சிகரம் அமைத்துச் சுதை பூசினார், கிணறும் குளமும் தோண்டினார், மதிலும் எடுத்தார். நெடுநாள் உழைத்த பின்னரே குடமுழுக்கிற்கு நாள் குறித்தார்.

காஞ்சியில் கற்கோயில் எடுத்த காடவர் மன்னனும் அதே நாளைக் குறித்திருந்தான். இறைவன் அவன் கனவில் தோன்றி, அன்று தாம் பூசலாரின் ஆலயத்தில் எழுந்தருளவிருப்பதால் வேறு நாள் கொள்ளுமாறு பணித்தார். மன்னன் திருநின்றவூர் சென்று வினவினான். அப்படியொரு கோயிலை ஊரார் எவரும் கண்டதில்லை! பூசலார் வாய்மொழியால் உண்மையறிந்த மன்னன் அவர் திருவடியில் வீழ்ந்து வணங்கினான். அவ்வூரில் இன்று இருதயாலீசுவரர் திருக்கோயில் விளங்குகின்றது.

அன்பர்களே! உள்ளத்து வெறுமை, இறைவன் விட்டுச்சென்ற இடம் அன்று. நாம் இன்னும் கோயில் எடுக்காத மனை. உணர்ச்சி பெருகட்டும், பின்னர் வழிபடுவோம் என்று காத்திருந்தால் அம்மனை வெறும் மனையாகவே கிடக்கும். நாளுக்கொரு கல்லேனும் வைக்க வேண்டும்.

அதன்பின் நாள்தோறும் அலுவலகம் புறப்படுமுன் என் தாயார் ஏற்றிய விளக்கை ஏற்றி, பத்து நிமிடம் ஐந்தெழுத்தை எண்ணி அமர்ந்தேன். பல நாள் ஒன்றும் நிகழவில்லை. இன்றும் அற்புதம் எதையும் கண்டேன் எனச் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு காலை, விளக்கின்முன் நான் தனியே இருக்கவில்லை என்று உணர்ந்தேன். துயரம் நீங்கவில்லை, அச்சம் நீங்கிற்று.

துயருற்றோரைக் காணும்போது, உமக்குப் பக்தி போதாது என்று குறைகூறாதிருப்போம். அவர்கள் உள்ளத்திலும் நம் கண்ணுக்குப் புலப்படாத கோயில் ஒன்று எழுந்துகொண்டிருக்கலாம்.

எல்லாம்வல்ல இறைவனின் திருவருள் அனைவருக்கும் கிட்டுவதாக.