தமக்குப் பின் யார்?

தலைநகரில் நாம் வசிக்கும் அரசாங்கக் குடியிருப்பில், காலை 6 மணிக்கே பால் நிலையத்தின் முன் மக்கள் வரிசையாக நிற்பர். நாள்தோறும் அவ்வரிசையில் முதலில் நிற்பவர் 32 வயதுடைய ஒருவர். கூட்டல் கழித்தல் அவருக்கு வராது. தாயார் எண்ணிக் கொடுத்த பணத்தைக் கையில் இறுகப் பிடித்திருப்பார். ஆயினும், மாடி வீட்டு முதியவருக்கு முழங்கால் வலி என்பதையும், அவருக்கும் சேர்த்துப் பால் வாங்கவேண்டும் என்பதையும் ஒருநாளேனும் மறந்தாரில்லை. அறிவு வளர்ச்சி குன்றியவர் என்று மருத்துவர்கள் சான்று எழுதிக் கொடுத்தது இவருக்குத்தான்.

சென்ற குளிர்காலத்தில் அவருடைய தாயார், மகனையும் அழைத்துக்கொண்டு நம் இல்லத்திற்கு வந்தார். எழுபதைக் கடந்தவர், கணவரை இழந்தவர். மொழிபெயர்ப்பே நமது தொழிலாதலின், ஒரு விண்ணப்பத் தாளின் பொருளை அறிய விரும்பினார். "எனக்குப் பின் இவனுக்கு யார்? அதை எழுத இந்தத் தாளில் எங்கே இடம் இருக்கிறது?" என்று கேட்டார்.

2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் இத்தகைய குறையுடையோர் ஏறத்தாழ 15 லட்சம் பேர். அத்தனை வீடுகளிலும் எழும் கேள்வி இது. 18 வயது நிறைந்தவுடன், பெற்றோர் இயற்கைக் காப்பாளர் என்னும் நிலை சட்டத்தில் முடிந்துவிடுகிறது. இதை எண்ணியே 1999-ஆம் ஆண்டில் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறை, பல குறைகள் ஒருங்கே அமைதல் ஆகியவற்றை உடையோருக்கானது அது. மாவட்ட ஆட்சியர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, உடற்குறையுடைய ஒருவர் ஆகியோர் அடங்கிய உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்தால், அது காப்பாளரை நியமிக்கும். அவர் 6 மாதங்களுக்குள் சொத்து விவரத்தை ஒப்படைக்கவேண்டும். ஆண்டுதோறும் கணக்குக் காட்டவேண்டும். புறக்கணித்தாலோ கொடுமை செய்தாலோ அவரை நீக்கவும் வழியுண்டு. 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கும் நிராமயா என்னும் காப்பீட்டுத் திட்டமும் அவ்வறக்கட்டளையினுடையதே.

வயது வந்தோருக்கான அதன் இல்லத் திட்டம் கரௌந்தா என்னும் பெயரில் தொடங்கப்பட்டது. குழந்தைகள் மண்ணால் கட்டி விளையாடும் சிறு வீட்டை இந்தியில் அவ்வாறு சொல்வர். தமிழில் அதற்கு நேரான சொல் சிற்றில். இனிய சொல்தான், ஆனால் 32 வயது மனிதருக்கு வேண்டுவது விளையாட்டு வீடு அன்று, தாமே கதவைத் திறந்து வெளியே போய்வரக்கூடிய வீடு. இந்தியா 2007-ஆம் ஆண்டில் ஏற்புறுதி செய்த ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையும், 2016-ஆம் ஆண்டின் சட்டமும், சமூகத்தின் நடுவே வாழ்வது இவர்களுடைய உரிமை என்று கூறுகின்றன. சோறும் கூரையும் தருவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. பகலில் செய்ய ஒரு வேலை, பேருந்தில் உடன் வர ஒரு துணை, பாதுகாப்பவர் நோயுற்றால் சில நாள் தங்க ஓர் இடம், பெயர் சொல்லி அழைக்கும் அண்டை வீட்டார் ஆகிய யாவும் சேர்ந்ததே ஆதரவு.

தாயார், தொலைதூர நகரத்தில் வாழும் தம் தமக்கை மகனைக் காப்பாளராகக் குறிக்க எண்ணியிருந்தார். நல்லவர், பொறுப்புள்ளவர் என்று நாமும் தலையசைத்தோம். ஒரு மணி நேரம் இவ்வாறு பேசிய பிறகே, பேச்சுக்கு உரியவர் பக்கத்தில் அமர்ந்திருப்பது நமக்கு உறைத்தது. அவரை நாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கத்தோடு, "அண்ணன் வீட்டிற்குப் போய் இருக்கிறீர்களா?" என்று கேட்டோம்.

அவர் சற்று யோசித்து, "தாத்தாவுக்குப் பால் யார் வாங்குவார்?" என்றார்.

தாயார் தாளை மடித்து எடுத்துச் சென்றார். தமக்கை மகன் காப்பாளராக இருக்கட்டும், மகன் இவ்வூரிலேயே வாழட்டும் என்று இப்போது எண்ணுகிறார். அதற்கு இங்கே ஓர் இல்லம் வேண்டும்; அதைத் தேடும் பணியில் குடியிருப்பைச் சேர்ந்த நாங்கள் சிலர் இறங்கியிருக்கிறோம். இன்னும் கிடைக்கவில்லை.

நேயர்களே, உங்கள் தெருவிலும் இத்தகையவர் ஒருவர் இருக்கலாம். அவருடைய பெற்றோரிடம் உள்ளூர்க் குழுவைப் பற்றிச் சொல்லுங்கள். அதற்கு முன், அவரிடமே ஒரு வார்த்தை கேளுங்கள்.