வால்வு மாத்தினவங்களுக்கு யார் டெர்ம் பாலிசி கொடுப்பாங்க?

(முட்டத்தில் பதிவான எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)

இந்த எபிசோட முட்டத்துல வச்சுப் பதிவு பண்றோம். கிறிஸ்துமஸ் லீவுக்குச் சென்னை, பெங்களூர்ல இருந்து ஊருக்கு வந்தவங்க கொஞ்ச பேர் எதிர்ல இருக்காங்க. இடையில காத்துச் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

இவங்கள்ல ஒருத்தர் கேள்வி ஒண்ணு எழுதிக் கொடுத்தார். வயசு 29. சென்னையில ஐடி வேலை. சின்ன வயசுல ருமாட்டிக் காய்ச்சல் வந்து, அப்புறம் இதய வால்வு மாத்தியாச்சு. தினம் மாத்திரை. அப்பா கடலுக்குப் போறவர், இப்போ முன்ன மாதிரி முடியல. தங்கச்சி நர்சிங் படிக்கிறா, கல்விக் கடன் இருக்கு. ரெண்டு கம்பெனியில டெர்ம் பாலிசி கேட்டார். ரெண்டு பேரும் முடியாதுன்னுட்டாங்க. "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா வீட்டுக்கு என்ன இருக்கு?" இதுதான் கேள்வி.

இதே கேள்வி டைப் 1 சுகர் இருக்கிறவங்களுக்கும் இருக்கு. டயாலிசிஸ்ல இருக்கிறவங்க, கேன்சர்ல இருந்து மீண்டவங்க எல்லாருக்கும் இருக்கு. அதனால பொதுவாவே பேசிடுவோம்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். ஹெல்த் இன்சூரன்ஸ் வேற, லைஃப் இன்சூரன்ஸ் வேற. ஹெல்த் பாலிசியில ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு, அதிகபட்சம் 36 மாசம். அதுக்கப்புறம் அந்த நோய்க்கும் செலவு கிடைக்கும். லைஃப் பாலிசியில அப்படி இல்ல. வாசல்லயே பார்த்து முடிவு பண்ணிடுவாங்க. உங்க நோயைத் தெரிஞ்சுக்கிட்டு, தனியா விலக்கு எதுவும் எழுதாம பாலிசி கொடுத்துட்டாங்கன்னா, அந்த நோயாலயே இறந்தாலும் பணம் கொடுத்தாகணும். அதனாலதான் வாசல்ல அவ்வளவு கெடுபிடி.

அந்த வாசல்ல நாலு பதில் வரலாம். ஒண்ணு, சரி. ரெண்டு, தர்றோம், ஆனா பிரீமியம் கூடும். இதைத்தான் லோடிங்னு சொல்றாங்க. 10,000 ரூபா பிரீமியத்துக்கு 100 சதவீதம் லோடிங்னா 20,000 கட்டணும். மூணு, இப்போ வேண்டாம், கொஞ்ச நாள் கழிச்சு வாங்க. ஆபரேஷன் முடிஞ்ச புதுசுல பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். நாலு, முடியாது. மூணாவதும் நாலாவதும் ஒண்ணு இல்ல. நிறைய பேர் மூணாவது பதிலைக் கேட்டுட்டு, நமக்குக் கிடைக்காதுன்னு விட்டுடறாங்க. உங்களுக்கு வந்தது எதுன்னு கடிதத்தை எடுத்துப் படிங்க.

இன்னொரு விஷயம். ஒரே நேரத்துல நாலு கம்பெனிக்கு விண்ணப்பம் போடாதீங்க. "இதுக்கு முன்னாடி யாராவது உங்களை நிராகரிச்சிருக்காங்களா?"ன்னு விண்ணப்பத்துலயே கேட்பாங்க. ஒவ்வொரு நிராகரிப்பும் அடுத்த விண்ணப்பத்துல வந்து உட்காரும். அதுக்குப் பதிலா, டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசியா எடுத்த எக்கோ, ரெண்டு வருஷ ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், டாக்டர்கிட்ட தற்போதைய நிலை பத்தி ஒரு பக்கக் கடிதம் எல்லாத்தையும் ஒரே ஃபைலா வைங்க. நல்ல ஏஜென்ட் இல்லைன்னா புரோக்கர் மூலமா, விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடியே கம்பெனியில விசாரிக்கச் சொல்லுங்க. நோய் இருக்குங்கிறதை விட, அது கட்டுப்பாட்டுல இருக்கான்னுதான் அவங்க பார்க்கிறாங்க. ஒழுங்கா செக்கப் போனதுக்கு ரிப்போர்ட் இருந்தா அதுதான் உங்க பக்கத்துச் சாட்சி.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். "தம்பி, ஆபரேஷன் பண்ணினதை எழுத வேண்டாம், மூணு வருஷம் தாண்டிட்டா யாரும் கேட்க முடியாது"ன்னு யாராவது சொல்வாங்க. அதுல பாதி உண்மை இருக்கு. இன்சூரன்ஸ் சட்டம் 1938, பிரிவு 45. அதுல 2015ல கொண்டு வந்த திருத்தப்படி, பாலிசி தொடங்கி மூணு வருஷம் ஆயிட்டா எந்தக் காரணத்துக்காகவும் அதைக் கேள்வி கேட்க முடியாது. ஆனா யோசிச்சுப் பாருங்க. மூணு வருஷத்துக்குள்ள போயிடுவோமோன்னு பயந்துதானே பாலிசி எடுக்கிறோம்? நமக்கு எப்போ அது தேவையோ, அந்தக் காலத்துலதான் அந்தப் பொய் உதவாது.

ஒரு உண்மை வழக்கு சொல்றேன். 2014ல ஒருத்தர் பாலிசி எடுத்தார். ஒரு மாசத்துலயே இறந்துட்டார். விசாரிச்சப்போ, ரத்த வாந்திக்கு ஆஸ்பத்திரியில சிகிச்சை எடுத்ததை விண்ணப்பத்துல சொல்லலைன்னு தெரிஞ்சது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2020 அக்டோபர்ல, கம்பெனி மறுத்தது சரின்னு தீர்ப்பு வந்துச்சு. வழக்கு நடக்கும்போதே கம்பெனி பணத்தைக் கொடுத்திருந்ததால, 70 வயசு அம்மாகிட்ட இருந்து அதைத் திரும்ப வாங்க வேண்டாம்னு நீதிமன்றம் சொல்லிச்சு. அந்தக் கருணை எல்லாருக்கும் கிடைக்கும்னு நம்பி இருக்க முடியாது. மகன் போன துக்கத்துல அந்த அம்மா ஆறு வருஷம் வழக்கோட இருந்தாங்கன்னு நினைச்சுப் பாருங்க.

இன்னொரு பக்கமும் உண்டு. முதுகுத்தண்டு வலியைச் சொல்லாத ஒருத்தர் மாரடைப்புல இறந்தார். சாவுக்குச் சம்பந்தமே இல்லாத, உயிருக்கு ஆபத்து இல்லாத நோய் அதுன்னு சொல்லி, பணத்தைக் கொடுக்கணும்னு 2015ல அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு. ஆனா வால்வு ஆபரேஷன் இந்தக் கணக்குல வராது.

ஏஜென்ட் நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது. ஒவ்வொரு கேள்வியையும் நீங்களே படிங்க. நிரப்பின விண்ணப்பத்தோட நகலை வாங்கி, நாமினி கையில கொடுத்து வைங்க.

சரி, எங்கேயும் கிடைக்கல. அப்போ என்ன செய்றது? உங்ககிட்ட ஏற்கெனவே என்ன இருக்குன்னு பாருங்க.

முதல்ல பிஎஃப். சம்பளத்துல பிஎஃப் பிடிக்கிறாங்கன்னா, பெரும்பாலும் இடிஎல்ஐ இன்சூரன்ஸும் கூடவே இருக்கும். 1976ல இருந்து இருக்கிற திட்டம். உங்க காசு ஒரு பைசா போகாது, கம்பெனிதான் கட்டும். மெடிக்கல் கிடையாது. வேலையில இருக்கும்போது இறந்தா, சம்பளத்தையும் பிஎஃப் இருப்பையும் பொறுத்து 7 லட்சம் வரைக்கும் குடும்பத்துக்குப் போகும். இங்க எத்தனை பேர் யுஏஎன் போர்ட்டல்ல நாமினேஷன் போட்டிருக்கீங்க? கையைத் தூக்குங்க பார்ப்போம். (சிரிப்பு) மூணு பேர். மத்தவங்க இன்னைக்கு ராத்திரியே போட்டுடுங்க.

ரெண்டாவது, ஆபீஸ்ல கொடுக்கிற குரூப் டெர்ம் பாலிசி. இதுல ஒரு வரம்பு வரைக்கும் மெடிக்கல் இல்லாமலே சேர்த்துக்குவாங்க. அந்த வரம்பு எவ்வளவுன்னு எச்ஆர்கிட்ட கேளுங்க. அடுத்த வேலைக்கு ஆஃபர் வந்தா, சம்பளத்தோட இதையும் கேளுங்க. உடம்பு நல்லா இருக்கிறவருக்கு இது ஒரு சலுகை. வால்வு மாத்தினவருக்குச் சம்பளத்துல பாதி மாதிரி. ஆனா வேலையை விட்டா இதுவும் போயிடும். ரெண்டு வேலைக்கு நடுவுல விழற இடைவெளியையும் கணக்குல வைங்க.

மூணாவது, பிரதம மந்திரி ஜீவன் ஜோதி. வருஷம் 436 ரூபா, 2 லட்சம் கவர். 18ல இருந்து 50 வயசு வரைக்கும் சேரலாம், 55 வரைக்கும் தொடரலாம். வங்கியிலயோ போஸ்ட் ஆபீஸ்லயோ கணக்கு இருந்தா போதும், மெடிக்கல் டெஸ்ட் இல்ல. சேர்ந்த முதல் 30 நாள்ல விபத்து தவிர வேற காரணத்துல இறந்தா பணம் வராது. படிவத்துல என்ன உறுதிமொழி இருக்குன்னு படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. மே மாசக் கடைசியில கணக்குல காசு இருக்கணும். இல்லைன்னா கவர் நின்னுடும்.

இப்போ வீட்டுல இருக்கிற அப்பாவைப் பத்தி. கடலுக்குப் போறவங்களுக்கு மத்திய, மாநில அரசுகள் பிரீமியம் கட்டுற குழு விபத்துக் காப்பீடு இருக்கு. விபத்துல இறந்தாலோ, நிரந்தரமா முழு ஊனம் ஆனாலோ 5 லட்சம். ஒக்கி புயலைப் பார்த்த கரைக்கு இது எவ்வளவு முக்கியம்னு நான் சொல்லத் தேவையில்ல. ஆனா இது விபத்துக்கு மட்டும்தான். வள்ளத்துல வச்சு நெஞ்சுவலி வந்து இறந்தா அது நோய்ச்சாவு. கடல்ல நடந்ததுங்கிறதுக்காக விபத்து ஆயிடாது. "எங்களுக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே"ன்னு வீட்டுல சொன்னா, அது எந்த இன்சூரன்ஸ்னு ஒரு தடவை கேளுங்க.

ஏற்கெனவே பாலிசி வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. நோய் வர்றதுக்கு முன்னாடி எடுத்த பாலிசி தங்கம். புதுசா நோய் வந்ததுக்காக அதுல பிரீமியத்தைக் கூட்ட முடியாது. யாராவது விலை கம்மியா வேற ஒண்ணு காட்டினா, புதுசு கைக்கு வராம பழசை விடாதீங்க. லேப்ஸ் ஆகவும் விடாதீங்க. லேப்ஸ் ஆகி மறுபடி உயிர் கொடுக்கும்போது உடல்நலத்தைத் திரும்பக் கேட்கலாம், அந்த மூணு வருஷக் கணக்கும் முதல்ல இருந்து ஓடும்.

இதுல நியாயம் இருக்கான்னு ஒருத்தர் கேட்டார். நல்ல கேள்வி. யார் 'ரிஸ்க்'குங்கிறது கல்வெட்டு இல்ல. நம்ம நாட்டுல ஆரம்ப கால வெள்ளைக்காரக் கம்பெனிகள் இந்தியர்னாலே கூடுதல் பிரீமியம் வாங்கின காலம் இருந்துச்சு. சாதாரண பிரீமியத்துல இந்தியர்களுக்குப் பாலிசி கொடுத்தது 1870ல தொடங்கின பாம்பே மியூச்சுவல். இன்னைக்கு எச்ஐவி இருக்கிறவங்களுக்கு, புள்ளிவிவரக் கணக்கு ஆதாரம் இல்லாம இன்சூரன்ஸ் மறுக்கக் கூடாதுன்னு 2017 சட்டம் சொல்லுது. பிரான்ஸ்ல, கேன்சர் சிகிச்சை முடிஞ்சு 5 வருஷம் நோய் திரும்பலைன்னா, வீட்டுக் கடன் இன்சூரன்ஸ் எடுக்கும்போது அதைச் சொல்லவே வேண்டாம். 2022ல வந்த சட்டம். இங்க அப்படி ஒரு பொது விதி இல்ல. கேட்கிறவங்க கூடினா வரும்.

க்ளெய்ம் மறுத்தா அதோட விட்டுடாதீங்க. முதல்ல கம்பெனிக்கு எழுதுங்க. 30 நாள்ல பதில் இல்லைன்னாலோ, பதில் திருப்தி இல்லைன்னாலோ சென்னையில இருக்கிற இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மன்கிட்ட போகலாம். கட்டணம் இல்ல, வக்கீல் வேண்டாம். ஒரு வருஷத்துக்குள்ள போகணும்.

அந்தத் தம்பியோட கணக்கை இப்போ போட்டுப் பார்த்தா: பிஎஃப் வழியா 7 லட்சம் வரைக்கும், ஜீவன் ஜோதியில 2 லட்சம், அதோட ஆபீஸ் குரூப் பாலிசி. ஒரு கோடி டெர்ம் பாலிசிக்கு இது ஈடு இல்ல. ஆனா தங்கச்சியோட கல்விக் கடனை அடைக்கலாம், அப்பா அம்மா கொஞ்ச வருஷம் மூச்சு விடலாம். மீதி இடத்தைச் சேமிப்பாலதான் நிரப்பணும். பிரீமியத்துக்குன்னு ஒதுக்கி வச்ச காசை செலவு பண்ணிடாம, மாசாமாசம் அம்மா பேரை நாமினியா போட்ட கணக்குல போடுங்க. அடுத்த எக்கோ நல்லா வந்தா, அந்த ரிப்போர்ட்டோட மறுபடி விசாரிங்க.

உங்க ஆபீஸ் குரூப் பாலிசியில மெடிக்கல் இல்லாத வரம்பு எவ்வளவுன்னு கேட்டு எங்களுக்கு எழுதுங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.