கைத்துப்பாக்கியும் கைப்பழக்கமும்

பள்ளிக்கூட ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் காலங்கழித்த ஒருவன் கைத்துப்பாக்கியைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களில் சிலர் வியப்படையலாம். பிரம்பைத் தவிர வேறு ஆயுதம் எதையும் நான் சொந்தமாக வைத்துக்கொண்டதில்லை. அந்தப் பிரம்பையும் பாதி வழியிலேயே விட்டுவிட்டேன். ஆயினும் 2023-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்திலுள்ள ஹூஸ்டன் நகரில் என் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தபோது கண்ட ஒரு காட்சி இன்னும் என் மனத்தைவிட்டு அகலவில்லை. அதையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

என் பேரனுக்கு அப்பொழுது ஏழு வயது. பக்கத்து வீட்டிலும் அதே வயதில் ஒரு பையன், சனிக்கிழமைதோறும் தாத்தாவைப் பார்க்க வருபவன். இருவரும் விளையாட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். என் மகள் பேரனை அழைத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்குப் போனாள். நானும் உடன் சென்றேன். நலம் விசாரித்த மறுகணமே அவள் அந்தப் பெரியவரிடம், "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? இருந்தால் பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒருவர் வீட்டுக்கு முதன்முதலாகப் போய்க் கேட்கிற கேள்வியா இது? அந்த நாட்டில் குழந்தை மருத்துவர்களே பெற்றோருக்கு இப்படிக் கேட்கச் சொல்லி அறிவுறுத்துகிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பெரியவர் சிறிதும் முகஞ்சுளிக்கவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபதை நெருங்கியவர். டெக்சஸ்காரர்கள் மூத்தோரையும் அயலாரையும் 'சர்' என்றே அழைப்பார்கள். "சர், நீங்களே உள்ளே வந்து பாருங்கள்" என்று என்னை அழைத்தார்.

இந்த இடத்தில் அந்நாட்டு நிலையைச் சிறிது கூறவேண்டும். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றி ஒருவர் துப்பாக்கி வைத்துக்கொள்ள இயலாது. அமெரிக்காவிலோ, 1791-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பெற்ற இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்துக்கொள்வதை மக்களின் உரிமையாகக் கூறுகிறது. டெக்சஸில் 2021 செப்டம்பர் முதல், சட்டத்தால் தடை செய்யப்படாத, இருபத்தொரு வயது நிரம்பிய ஒருவர், உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு வெளியே போகலாம். ஆனால் பள்ளிக்கூடம் போன்ற சில இடங்களுக்குள் கொண்டுபோகலாகாது. எனவே, கடைத்தெருவில் நம் பக்கத்தில் நின்று தக்காளி பொறுக்குகிறவர் இடுப்பில் ஒரு பிஸ்டல் இருக்கலாம்; நமக்குத் தெரியவே தெரியாது. இது நல்லதா, கெட்டதா என்று அவர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். என் மனம் அதை ஏற்கவில்லை என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஏற்காததையும் கவனித்துப் பார்ப்பதில் தவறில்லையே.

பெரியவரின் படுக்கையறையில், கட்டிலருகே, ஒரு சிறிய இரும்புப் பெட்டி சுவரோடு முடுக்கப்பட்டிருந்தது. மேலே நான்கு பொத்தான்கள். இருட்டில் தடவிப் பார்த்து, குறித்த வரிசையில் அழுத்தினால் கதவு திறந்துகொள்ளும். சாவி தேடவேண்டியதில்லை. அந்தப் பெட்டிதான் இந்த விஷயத்தில் உள்ள சங்கடம் அனைத்துக்கும் உருவம் என்று எனக்குத் தோன்றியது. ஆபத்து வந்தால் துப்பாக்கி உடனே கைக்கு வரவேண்டும் என்பது ஒரு நோக்கம். குழந்தை கைக்கு ஒருநாளும் வரக்கூடாது என்பது மற்றொரு நோக்கம். ஒன்றுக்கு ஒன்று நேர் எதிர். தலைநகரான வாஷிங்டனில், வீட்டிலுள்ள துப்பாக்கியைத் தோட்டாவின்றிக் கழற்றியோ, விசைக்குப் பூட்டுப் போட்டோதான் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. அவ்வாறு வைத்தால் தற்காப்புக்கு அது உதவாது என்று கூறி, 2008-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் ஐவர் அதைத் தள்ளினார்கள், நால்வர் மாறுபட்டார்கள். அத்தனை பெரிய நீதிபதிகளுக்குள்ளேயே ஒருமுகமாக முடிவாகாத வழக்கைத்தான் அந்தப் பெரியவர் நாள்தோறும் படுக்கையறையில் தீர்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய அன்றாட வழக்கம் இதுதான். காலையில் உடுத்திக்கொண்டபின் துப்பாக்கியை அதன் உறையோடு சேர்த்தே எடுத்து அரைக்கச்சில் பொருத்திக்கொள்வார். உறை சற்று விறைப்பானது. விசை இருக்கும் பகுதியை முழுவதும் மூடிக்கொள்ளும். துப்பாக்கி தானே வெடிப்பது மிக அரிது; பெரும்பாலும் விசையில் ஏதோ ஒன்று பட்டால்தான் வெடிக்கும். அது விரலாக இருக்கலாம். சட்டை நுனியாகவும் இருக்கலாம். ஆகவே விசை மூடியிருக்கும் வரையில் அச்சம் குறைவு. இரவில் மறுபடியும் உறையோடு கழற்றி அப்படியே பெட்டிக்குள் வைத்துவிடுவார். "எத்தனை தடவை உறையிலிருந்து வெளியே எடுக்கிறோமோ அத்தனை தடவை ஆபத்து" என்றார். இரவுதோறும் தோட்டாவைக் கழற்றிக் காலைதோறும் மாட்டுவதே பத்திரம் என்று நான் எண்ணியிருந்தேன். அது அப்படியன்று. ஒரே தோட்டாவை மீண்டும் மீண்டும் குழலுக்குள் ஏற்றினால் அதன் முனையிலுள்ள குண்டு சிறிது சிறிதாக உள்ளே அழுந்திவிடும். பிறகு சுடும்போது அழுத்தம் மிகுந்து துப்பாக்கியே சிதையக்கூடும் என்று விளக்கினார்.

சனிக்கிழமை மட்டும் வேறு முறை. பேரன் வருகிற நாளல்லவா? அன்று துப்பாக்கியில் ஒரு தோட்டாவும் இராது. அறையின் மூலையில் ஒரு வாளி நிறைய மணல். குழலை அந்த மணலை நோக்கி வைத்துக்கொண்டு அவர் செய்ததை, ஒரு பாடத்தைக் கவனிக்கும் மாணவனைப்போல் நான் கவனித்தேன்.

பிஸ்டலின் கைப்பிடிக்குள் தோட்டாக்கள் அடுக்கிய ஒரு கூடு இருக்கும். அதற்கு மகசின் என்று பெயர். அதைத் தவிர, குழலின் அடியில், சுடுவதற்கு ஆயத்தமாக ஒரு தோட்டா ஏறியிருக்கும். மகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று நினைப்பவர் பலர். அந்த ஒற்றைத் தோட்டா குழலுக்குள்ளேயே இருக்கும். அதைவிட மோசம், வரிசையை மாற்றிச் செய்வது. மகசின் உள்ளிருக்கும்போதே மேல் பகுதியைப் பின்னுக்கு இழுத்தால் ஒரு தோட்டா வெளியே துள்ளி விழும், பார்ப்பவர் நிம்மதியடைவார். ஆனால் கையை விட்டவுடன் மேல் பகுதி முன்னே பாய்ந்து, மகசினிலிருந்து அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றிவிடும். செய்தவை இரண்டே காரியங்கள். வரிசை மாறியதால் காலியென்று நம்பிய துப்பாக்கி கொலைக்கருவியாகவே இருக்கிறது. கணக்கில் வரிசை மாறினால் மதிப்பெண் போகும் என்று எத்தனை ஆண்டு சொல்லியிருப்பேன்! இங்கே போவது மதிப்பெண் அன்று.

அவர் முதலில் மகசினைக் கழற்றித் தள்ளி வைத்தார். பிறகு மேல் பகுதியை இழுத்து உள்ளிருந்த தோட்டாவை வெளியேற்றினார். இழுத்தபடியே நிறுத்தி உள்ளே பார்த்தார். அப்புறம் சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவினார். "கண் பார்க்க விரும்புவதைப் பார்த்துவிடும், சர். விரலை ஏமாற்ற முடியாது" என்றார். ஒவ்வொன்றையும் செய்யும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தார். இறுதியில் துப்பாக்கியைக் கூடத்திலிருந்த பெரிய இரும்புப் பெட்டியிலும், தோட்டாக்களைப் பூட்டிய வேறொரு பெட்டியிலுமாக வைத்துச் சாவிகளைத் தம் பையில் போட்டுக்கொண்டார்.

ஏன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்? ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு வில்லியம் ஜேம்ஸ் என்பவருடைய கருத்துகளைப் பாடமாக நடத்தினார்கள். 1890-இல் வெளியான தம் உளவியல் நூலில் அவர் பழக்கத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். நல்ல பழக்கம் வேரூன்றிவிட்டால் மனத்துக்குச் சுமை குறையும் என்பது அதன் சாரங்களுள் ஒன்று. உண்மைதான். ஆனால் சுமை குறைந்த மனம் வேறெங்கோ போய்விடுகிறதே! கை தானாகச் செய்கிறது. கண் பாராமல் பார்க்கிறது. வாசற்கதவைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போனபின், பூட்டினோமா என்று திரும்பி வருகிறோமே, அதுதான். வாய் சொல்லும்போது மனம் கையருகே நிற்கிறது.

இதை நான் எவ்வளவு தாமதமாகத் தெரிந்துகொண்டேன் என்பதையும் கூறிவிடுகிறேன். 1988-இல் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தேசிய மாணவர் படைக்கு நான் பொறுப்பாசிரியன். ஒருநாள் மாணவர்களுக்குப் புள்ளி இருபத்திரண்டு ரைபிளில் சுடும் பயிற்சி. பயிற்சி முடிந்ததும் ஒவ்வொரு ரைபிளின் போல்ட்டையும் திறந்து, குழல் காலியா என்று பொறுப்பாளர் பார்க்கவேண்டும். அதற்கென்று ஓர் இந்திக் கட்டளையே உண்டு. அன்று மழை பிடித்துக்கொண்டது. கட்டளையைக் கொடுத்தேன், வரிசையின் முன்னே நடந்தேன், 'சரி, சரி' என்று சொல்லிக்கொண்டே போனேன். மாலையில் ஆயுதக் கிடங்கில், போல்ட்டைத் தனியாகக் கழற்றி வைக்க ஹவில்தார் ஒரு ரைபிளைத் திறந்தபோது, சுடாத தோட்டா ஒன்று சிமென்டுத் தரையில் விழுந்து உருண்டது. பையன்கள் அந்த ரைபிளை லாரியில் மடியில் சாய்த்துக்கொண்டு பாட்டுப் பாடி வந்திருந்தார்கள். ஹவில்தார் ஒன்றும் பேசவில்லை. தோட்டாவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அந்தச் சிறு கனம் இன்றும் என் கையில் இருக்கிறது.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் தலையசைத்தார். குழந்தைக்குத் தெரியாமல் ஒளித்து வைத்தால் போதாதா என்று அவரிடம் கேட்டதற்கு, "பள்ளிப் பேருந்து ஓட்டியவன் நான். பிள்ளைகளுக்குத் தெரியாத மறைவிடம் உண்டா?" என்று சிரித்தார். நம் வீடுகளில் தீபாவளிப் பலகாரம் ஒளித்து வைத்த அனுபவம் உள்ள எவரும் இதை மறுக்கமாட்டார்கள். மூன்று நான்கு வயதுக் குழந்தையின் விரலுக்கும் விசையை இழுக்கும் வலு உண்டு. டெக்சஸ் சட்டமும், தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பதினேழு வயதுக்குட்பட்டவர் கைக்கு எட்டும்படி அசட்டையாக விட்டு, அது அவர் கையில் சிக்கினால், விட்டவரையே குற்றவாளியாக்குகிறது. 2020-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒன்று முதல் பத்தொன்பது வயது வரை உள்ளவர்களின் சாவுக்குக் காரணமானவற்றுள், மோட்டார் விபத்தையும் முந்திக்கொண்டு, துப்பாக்கியே முதலிடம் பெற்றது. அவற்றில் கைதவறி வெடித்தவை சிறு பகுதியே. பெரும்பாலானவை கொலைகள், அதற்கடுத்தபடி தற்கொலைகள். மனமுடைந்த ஓர் இளைஞனுக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் ஒரு பூட்டு இருந்தால், அந்தச் சில நிமிஷங்களில் அவன் மனம் திரும்பக்கூடும். பூட்டு ஏழு வயதுப் பையனுக்கு மட்டும் உரியதன்று.

நான் அங்கிருந்த வரையில் பிள்ளைகள் இருவரும் சனிக்கிழமைதோறும் விளையாடினார்கள். என் மகள் ஒவ்வொரு வாரமும் வாசலில் நின்று அதே கேள்வியைக் கேட்டாள். சென்ற வாரம்தானே கேட்டாய், அவர் என்ன நினைப்பார் என்று நான் ஒருமுறை கடிந்துகொண்டதுண்டு. பெரியவர் என்னைக் கையமர்த்திவிட்டு உள்ளே போனார். கூடத்தில் பெட்டியின் கைப்பிடியை இழுத்துப் பார்க்கும் ஓசை கேட்டது. பிறகு வெளியே வந்து, "பூட்டியிருக்கிறது, அம்மா" என்று பதில் சொன்னார். ஒரு வாரமாவது அவர் உள்ளே போய்ப் பார்க்காமல் அந்தப் பதிலைச் சொல்லி நான் கேட்டதில்லை.