பங்குனி ஆமைக்கு ஒரு கூலிக் கணக்கு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டுக்கு முன்னால் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனவே சீக்கிரம் முடித்துவிடுகிறேன். நான் மின்னியல் பிரிவு, 2010இல் வெளியே போனவன். ஆமையைப் பற்றிப் பேச உனக்கு என்னப்பா தகுதி என்று கேட்டால், ஆமைக்குக் கெடுதல் செய்தவன் என்ற தகுதிதான்.

எங்கள் செட் நண்பர்கள் சேர்ந்து 2017இல் ஒரு மீனவர் குப்பத்துக்கு உயரமான விளக்குக் கம்பம் ஒன்று போட்டுக் கொடுத்தோம். விடிகாலையில் மீன் ஏலம் எடுக்கிற பெண்களுக்கு வெளிச்சம் வேண்டும் என்று கேட்டார்கள். டிசைன் என்னுடையது. கம்பத்தில் எங்கள் பெயர்ப் பலகையும் இருந்தது. மறு வருஷம் பங்குனியில் போய்ப் பார்த்தால், கம்பத்தடியிலும் தார் ரோட்டிலும் ஆமைக்குஞ்சுகள் காய்ந்து கிடந்தன. அங்கிருந்த பெரியவர் ஒருவர் என்னிடம், "தம்பி, எல்லாம் உங்க விளக்கைப் பார்த்துத்தான் வருது. கும்பிட வருதுன்னு நினைச்சுக்காதீங்க" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

விஷயம் இதுதான். நம் சோழமண்டலக் கரைக்கு வரும் ஆமையை மீனவர்கள் பங்குனி ஆமை என்கிறார்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை ராத்திரியில் கரையேறி, மணலில் ஒன்றரை அடி குழி தோண்டி, சுமார் நூறு முட்டை இட்டு மூடிவிட்டுப் போய்விடும். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரிந்து, ராத்திரியிலேயே மணலை விட்டு வெளியே வரும். எந்தப் பக்கம் அடிவானம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். இருட்டான கரையில் அது கடல். நான் விளக்குப் போட்ட கரையில் அது ரோடு.

விளக்கை எடுத்துவிடவில்லை, ஏலம் போடுகிறவர்களுக்கு அது வேண்டும். கடல் பக்கம் தகரத்தால் மறைத்து, வெளிச்சத்தைக் கீழே திருப்பி, சீசனில் இரவு பத்து மணிக்கு அணைந்து விடிகாலை ஏலத்துக்கு எரிகிற மாதிரி டைமர் வைத்தோம். அது சின்ன வேலை. பெரிய வேலை, தினம் ராத்திரி அந்தக் கரையில் நடப்பது. நாயும் நரியும் முட்டை எடுக்கிறவர்களும் வருவதற்குள் கூட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். வனத்துறை அனுமதியோடு, இட்ட சில மணி நேரத்துக்குள், முட்டையைப் புரட்டாமல் எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்க வேண்டும்.

இதைச் செய்கிறவர்கள் நாட்டில் இல்லாமல் இல்லை. சென்னையில் 1970களில் ரோமுலஸ் விட்டேக்கர் போன்றவர்கள் ஆரம்பித்த ராத்திரி நடையை, 1988 முதல் மாணவர்கள் ஓர் அமைப்பாகச் சேர்ந்து நடத்திவருகிறார்கள். கேரளத்தில் பய்யோலிக்குப் பக்கத்திலுள்ள கொளாவிப்பாலத்தில் மீனவ இளைஞர்கள் 1992இல் 'தீரம்' என்று சங்கமே அமைத்தார்கள். மகாராஷ்டிரத்தின் வேளாஸ் கிராமத்தில் 2006 முதல் ஆமைத் திருவிழா நடக்கிறது. குஞ்சு கடலுக்குப் போவதைப் பார்க்க வருகிறவர்கள் ஊரார் வீட்டிலேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, காசு கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கூடு இருந்தால் ஊருக்கு வருமானம்.

நம் குப்பத்துக்கு அப்படி விருந்தாளி வர இன்னும் காலம் ஆகும். அதுவரை நடக்கிற பையனுக்கு யார் கொடுப்பது? ராத்திரி கண்விழித்தவன் விடிகாலையில் கடலுக்குப் போகமுடியாது. ஒரு நாள் பாடு போச்சு. நம்ம புத்தி எஞ்சினீயர் புத்தி அல்லவா, ஒரு கூட்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று ரேட் பேசலாம் என்றேன். அங்கே ஒரு பையன் சிரித்துவிட்டான். "ஆமை வராத ராத்திரிக்கும் நடக்கணுமே சார், அதுக்கு?" என்றான். அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

ஆகவே எஸ்டிமேட் இப்படி. இரண்டு பேர், 90 ராத்திரி, தலைக்கு 500 ரூபாய். மொத்தம் 90,000. எங்கள் செட்டில் அறுபது பேர், ஆளுக்கு 2,000 போட்டால் 1,20,000 வரும். மிச்சம் 30,000இல் பொரிப்பக வேலி, கூடை, டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் எல்லாம் போக, மீதியை வலைக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஆமை வலையில் மாட்டினால் அதைக் காப்பாற்ற மீனவர் தன் வலையை அறுக்க வேண்டும், அந்த நஷ்டம் அவர் தலையில்தான். மகாராஷ்டிர அரசு 2018இல் இதற்கென்று நஷ்டஈட்டுத் திட்டமே கொண்டுவந்தது. நாம் ஒன்றிரண்டு வலைக்காவது ஒட்டுப்போடக் கொடுக்கலாம்.

2025 ஜனவரியில் நம் கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கினவே, கரையில் இரண்டு பேர் நடந்து அதைத் தடுக்க முடியுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். முடியாது. இழுவலையில் மூச்சுத் திணறிச் சாவதை அரசாங்கமும் படகு முதலாளிகளும்தான் நிறுத்த வேண்டும். ஆனால் எந்த இடத்தில் எத்தனை ஒதுங்கியது என்று தேதிவாரியாக எழுதி வைக்க ஆள் இருந்தால்தான் நாளைக்குக் கேள்வி கேட்க முடியும். அந்த நோட்டும் இதே பையன்கள் கையில் இருக்கட்டும்.

போன தடவை மாதிரி பெயர்ப் பலகை கேட்காதீர்கள், இதில் மாட்ட இடமில்லை. ஒரு வருஷம் கொடுத்துவிட்டு நிறுத்துவதானால் கொடுக்கவே வேண்டாம். மறு வருஷம் அந்தப் பையன் வேறு வேலைக்குப் போயிருப்பான். மூன்று வருஷத்துக்கு ஒப்புக்கொள்கிறவர்கள் மட்டும் பெயர் கொடுங்கள். பொருளாளர் சார் சாப்பாட்டு ஹால் வாசலில் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். ஜனவரி முதல் வாரம் முதல் கூலி கொடுத்தாக வேண்டும். கணக்கு வவுச்சரோடு அடுத்த மலரில் வரும்.