மில்லிமீட்டரும் ஒரு மீட்டரும்

எனக்குப் பாடம் சொன்னவர்களே முன்வரிசையில் அமர்ந்திருக்க, இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்பது பெரும் பேறு; உள்ளூரச் சற்றுப் படபடப்பும் இருக்கிறது.

இவ்வாண்டுப் பொருள், சைலோவில் சரக்கின் மட்டத்தை அளக்கும் 80 கிகாஹெர்ட்ஸ் ரேடார். பல்ஸ் முறைக்கும் எஃப்.எம்.சி.டபிள்யூ. முறைக்கும் உள்ள வேறுபாட்டை இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. 80 மில்லிமீட்டர் ஆன்டெனாவில் 26 கிகாஹெர்ட்ஸ் கற்றை சுமார் 10 பாகை விரியும். 80 கிகாஹெர்ட்ஸில் 3 பாகைதான். 20 மீட்டர் ஆழத்தில் மூன்றரை மீட்டர் வட்டம் ஒரு மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. ஏணியும் சுவரும் தரும் பொய் எதிரொலிகள் குறைகின்றன. நல்ல முன்னேற்றம். மற்றதைக் கட்டுரையாளர்கள் சொல்வார்கள்.

நான் பேச விரும்புவது, அந்தச் சென்சாரைச் சைலோவின் தலையில் எந்த இடத்தில் பொருத்துகிறோம் என்பதைப் பற்றி. அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்குக் கிளிங்கர் எப்படிக் குவியும் என்று தெரியும். 10 மீட்டர் விட்டமுள்ள சைலோ, நடுவில் கொட்டுகிறோம், சரிவு 30 பாகை. உச்சிக்கும் சுவரோரத்துக்கும் 2.9 மீட்டர் வித்தியாசம். கூம்பைச் சமமாகப் பரப்பினால் வரும் மட்டம், சுவரோர மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 0.96 மீட்டர். சுவரை ஒட்டி இருக்கும் பழைய நாசிலிலேயே சென்சாரை மாட்டினால் 75 கன மீட்டர் சரக்கு கணக்கில் வராது. கன மீட்டருக்கு 1.4 டன் என்று வைத்தால் நூறு டன்னுக்கு மேல்! தகவல் தாளில் மில்லிமீட்டர்த் துல்லியம். இருப்புக் கணக்கில் ஒரு மீட்டர் ஓட்டை.

சராசரி மட்டம் மையத்திலிருந்து ஆரத்தின் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் கிடைக்கும். நடுவிலிருந்து இறக்கும்போது குழி விழுந்தாலும் இடம் அதுவே. தயாரிப்பாளர்களின் கையேடுகளே இதைச் சொல்கின்றன. ஆனாலும், அதிர்வெண் உயர்ந்தால் இடம் பற்றிய கவலை தீர்ந்துவிடும் என்று இதே துறையின் மூத்த நண்பர் ஒருவர் முன்பு வாதிட்டார். அவர்மேல் எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. வாதத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. அகன்ற கற்றை சரிவின் ஒரு பகுதியையாவது சேர்த்துப் பார்த்தது. குறுகிய கற்றை தனக்குக் கீழே உள்ள ஒரு மீட்டரைத்தான் பார்க்கும். ஆகவே கற்றை குறுகக் குறுக, இடத்தின் முக்கியத்துவம் கூடத்தான் செய்கிறது.

சரக்கு நடுவில் விழாமல் ஒருபக்கம் விழுந்தால் மூன்றில் இரண்டு கணக்கும் பொய்க்கும். அப்போது கைகொடுப்பது டிப் பதிவேடு. ஷிப்ட் ஆபரேட்டர் சைலோ உச்சிக்கு ஏறி, மூடியைத் திறந்து, எடை கட்டிய டேப்பை இறக்கி, அது தொய்ந்ததும் எண்ணைக் குறிக்கிறார். இடம் மாற்றி மீண்டும் இறக்குகிறார். மேற்பரப்பின் வடிவம் பதிவாகும் இடம் அதுதான். அதைக் 'கைக்கணக்கு' என்று நம் கட்டுரைகள் ஒதுக்கியே வந்திருக்கின்றன. ஒரே புள்ளியை அளக்கும் கருவியைச் சரிபார்க்கப் பல புள்ளிகளில் எடுத்த அளவை ஏன் ஒதுக்க வேண்டும்? எனக்குச் சம்மதமில்லை.

இன்று கட்டுரை படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். துல்லியத்தைச் சொல்லும் முன், நாசில் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, சரக்கு எங்கே விழுகிறது, டிப் அளவோடு ஒப்பிட்டீர்களா என்பதைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், அவையில் இருப்பவர்கள் தயங்காமல் எழுந்து கேளுங்கள்.