தெளிந்த தேறல்



இன்றைய பேச்சின் பொருளைக் கேட்டு உங்களிற் சிலர் வானொலிப் பெட்டியை நிறுத்திவிடக்கூடும். நல்ல வெள்ளை வைன் போத்தல் ஒன்றை எப்படித் தெரிந்தெடுப்பது என்பதுதான் பொருள். பேசுகிறவனோ கண்டியில் ஓர் இந்துக் கல்லூரியில் பதினெட்டு வருடங்களாகத் தமிழ் படிப்பிக்கிறவன். மதுவில் ஒரு துளியையேனும் நாவில் வைத்து அறியாதவன். இருந்தும் இதைப் பேசத்தான் வேண்டும் என்று தோன்றுகிறது. காரணம், இது இலக்கியத்தில் நான் மறைத்து வைத்திருந்த ஒரு பக்கத்தோடு தொடர்புடையது.

கடந்த மார்கழி மாதப் போயா தினத்தன்று பழைய மாணவன் ஒருவன் கட்டுகஸ்தோட்டையிலுள்ள என் வீட்டுக்கு வந்தான். 2011ஆம் ஆண்டு என் உயர்தர வகுப்பில் இருந்தவன். இப்போது கண்டிப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் விருந்தினருக்குப் பானங்கள் பரிமாறும் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கிறான். போயா நாளில் மது விற்பனை இல்லையாதலால் அவனுக்கு ஓய்வு. கையில் ஓர் அட்டை வைத்திருந்தான்.

"சேர், இதக் கொஞ்சம் பார்த்துத் தாங்க. தமிழ்நாட்டுல இருந்தும் கனடாவுல இருந்தும் நம்ம ஆக்கள் நிறைய வாறாங்க. தமிழ்லயும் அட்டை போடுவோம்னு மெனேஜர் சொன்னாரு. யாரோ கம்பியூட்டர்ல போட்டு எடுத்திருக்காங்க. வாசிச்சவங்க சிரிக்கிறாங்க."

வாசித்தேன். நானும் சிரித்தேன். 'மொறுமொறுப்பான வறண்ட வெள்ளைத் திராட்சை இரசம்' என்று அச்சிட்டிருந்தது. அப்பளத்தை நொறுக்கிப் போட்ட மிளகு ரசம் என்றுதான் எவருக்கும் படும். ஆங்கிலத்தில் 'கிறிஸ்ப்' என்றிருப்பதற்கு அகராதி மொறுமொறுப்பு என்கிறது; 'டிரை' என்பதற்கு வறட்சி என்கிறது. இரண்டும் அகராதிப்படி சரி. குடிக்கிற பொருளுக்கு இரண்டும் பொருந்தா.

"அப்படியென்றால் அந்தப் பானம் எப்படித்தான் இருக்கும், சொல்லு. பொருள் தெரியாமல் சொல் தேட முடியாது" என்றேன். அதற்கென்றே காத்திருந்தவன்போல் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தான். வெறும் போத்தல்களை நீரில் ஊறவைத்து உரித்தெடுத்த லேபல்களைப் பக்கம் பக்கமாக ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் குறிப்பு எழுதியிருந்தான். என் வகுப்பில் இப்படியொரு கொப்பி அவன் வைத்திருந்ததாக எனக்கு நினைவில்லை.

அவன் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். நிறுவனங்களின் பெயர்களை விட்டுவிடுகிறேன். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டில் மதுவுக்கு விளம்பரம் செய்வதைத் தடுத்திருக்கிறது. என் பேச்சினால் எவருக்கும் வியாபாரம் கூடவும் வேண்டாம்.

இப்போது உலகெங்கும் பலர் விரும்பிக் கேட்கும் வெள்ளை வைன், சோவிஞோன் பிளாங் என்ற திராட்சையிலிருந்து செய்வது. பிரான்சின் லுவார் ஆற்றங்கரையும் போர்தோவும் அதன் பழைய வீடுகள். அதை உலகப் புகழுக்குக் கொண்டுவந்தது நியூசிலாந்தின் மார்ல்பரோ என்னும் பிரதேசம். அங்கே பெருமளவில் திராட்சைத் தோட்டம் போடத் தொடங்கியது 1973இல்தான். பகலில் நல்ல வெயில், இரவில் கடுங்குளிர். அந்தக் குளிர்தான் பழத்தின் புளிப்பைப் போகவிடாமல் காக்கிறது. வெப்ப நாட்டில் அதே கொடி காய்த்தால் இனிப்பு ஏறும், புளிப்பு இறங்கும், வாசம் மங்கும்.

இதைக் கேட்டதும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. நாங்கள் தேயிலைப் பிள்ளைகள். நாலாயிரம் அடிக்கு மேல் விளைவது ஒரு குணம், இரண்டாயிரத்துக்கும் நாலாயிரத்துக்கும் இடையில் எங்கள் கண்டிப் பக்கம் விளைவது ஒரு குணம், அதற்குக் கீழே இன்னொன்று. நுவரெலியாத் தேயிலை மெல்லிய நிறத்தோடு வாசம் தூக்கி நிற்கும். கண்டித் தேயிலை கனத்துச் சிவக்கும். எந்த மலை, எந்த மாதம் என்று கேட்காமல் தேயிலையை மதிப்பிட முடியாது. வைன் போத்தலிலும் முதலில் பார்க்கவேண்டியவை இந்த இரண்டுந்தானாம்: எந்த ஊர், எந்த வருடம்.

வருடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள் என்றான். வைன் என்றாலே பழையது நல்லது என்று ஒரு நினைப்பு. இந்த வகைக்கு அது பெரும்பாலும் பொய். சில சிறந்த போத்தல்கள் விதிவிலக்கு. மற்றவை இரண்டு மூன்று வருடங்களுக்குள் குடிப்பதற்கென்றே செய்தவை. கடையில் தூசு படிந்து நிற்கும் ஏழு வருடத்துப் போத்தலை 'அருமையான சரக்கு' என்று எடுத்து நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். நியூசிலாந்தில் திராட்சை பறிப்பது பங்குனி, சித்திரையில். பிரான்சில் புரட்டாதியை ஒட்டி. ஆகவே ஒரே வருடத்தை எழுதியிருந்தாலும் தெற்கத்திப் போத்தல் ஆறு மாதம் மூத்தது.

அடுத்தது, கடை அதை எப்படி வைத்திருந்தது என்பது. எங்கள் ஊர் வெயிலில், கண்ணாடி அலுமாரியில் விளக்குக்குக் கீழே மாதக்கணக்காக நின்ற போத்தலை எடுக்கக்கூடாது. உள்ளே பெட்டியில் இருப்பதைக் கேட்டு வாங்கவேண்டும். தக்கை வெளியே தள்ளிக்கொண்டு நின்றால் அது சூடு பட்டது. திருகுமூடி போட்டது மலிவுச் சரக்கு என்று எண்ணிவிடவும் கூடாது. நியூசிலாந்து உற்பத்தியாளர் பலர் 2001இல் ஒன்றுகூடித் திருகுமூடிக்கு மாறத் தொடங்கினார்கள். தக்கையால் வரும் பூஞ்சண நாற்றத்துக்கு அதில் இடமில்லை. 'ரிசேர்வ்' என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தால் மயங்கவேண்டாம்; பல நாடுகளில் அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி ஒரு பொருளும் கிடையாது.

சொல்லின் வலிமைக்கு அவன் இன்னொரு கதையும் சொன்னான். 1960களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் ரொபேர்ட் மொண்டாவி என்பவர் இதே திராட்சை வைனைச் செய்தார். பழைய பெயரில் அதற்கு மதிப்பில்லை. 'ஃபூமே பிளாங்' என்று புதுப்பெயர் சூட்டினார்; விற்பனை ஏறிவிட்டது. பிள்ளைக்குப் பெயர் வைப்பதில் நம்மவர் காட்டும் கவனத்தை நான் இனிக் கேலி செய்யமாட்டேன்.

"சரி, ருசி?" என்று கேட்டேன்.

புல் வெட்டினாற் போன்ற பச்சை வாசம், பாஷன் பழ வாசம், ஆங்கிலேயர் சொல்லும் கூஸ்பெரிப் புளிப்பு. கூஸ்பெரிக்கு அகராதி நெல்லிக்காய் என்று போட்டிருக்கிறது. உண்மையில் அது வேறு செடி, நம் நெல்லி வேறு மரம். ஆனால் அன்று காலை என் மனைவி கண்டிச் சந்தையிலிருந்து வாங்கிவந்த நெல்லிக்காய் வீட்டில் இருந்தது. இருவரும் ஆளுக்கொன்று கடித்தோம். கன்னம் இரண்டும் கூச, வாயில் நீர் ஊறியது. அவன் கண்ணை மூடிக்கொண்டு, "இதான் சேர்! இந்த வாயூறுறதுதான் கிறிஸ்ப். தண்ணி குடிச்சா வருமே ஒரு இனிப்பு, அது மட்டும் அதுல இல்ல" என்றான்.

கடதாசி எடுத்தேன். 'வறண்ட' என்பதை அடித்து 'இனிப்பற்ற' என்று எழுதினேன். 'மொறுமொறுப்பான' என்பதை அடித்து 'நெல்லிப் புளிப்புடைய' என்று எழுதினேன். 'குளிர்ந்த, தெளிந்த' என்று முன்னால் இரண்டு சொல் சேர்த்தேன். எட்டுப் பத்துப் பாகை செல்சியசில் பரிமாறுவது அது. மிச்சம் இருந்தது பெயர். திராட்சரசம் என்றால் தேவாலய நினைவு வருகிறது. மது என்றால் போத்தலில் உள்ள எல்லாமும் அடங்கிவிடும். பேனா நின்றுவிட்டது.

"தேறல்னு போடலாமா சேர்?" என்றான்.

எனக்குத் தெரியாத சொல்லா? தேறு என்றால் தெளிதல். வண்டல் அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்பது தேறல். வடித்து அரித்தது அரியல். வீட்டில் அரிசியைப் புளிக்கவைத்துச் செய்தது தோப்பி. இவை போக நறவு, பிழி, மட்டு. எதைக் குடிக்கிறோம், எப்படிச் செய்தது என்று பிரித்தறிந்தவர்களின் சொற்கள் இவை. குறிஞ்சி மக்கள் மூங்கிற் குழாயில் தேனை முதிரவைத்ததைத் திருமுருகாற்றுப்படை பாடுகிறது. நாட்பட்ட தேறலின் கடுப்புக்குப் புறநானூற்று ஒளவையார் தேள் கொட்டுவதை உவமை சொல்கிறார்; சிறுபாணாற்றுப்படையின் புலவர் பாம்பின் சீற்றத்தைச் சொல்கிறார். இவை முதிர்ந்த கடும் சரக்கு, நம் மாணவனின் அட்டைக்கு உதவாதவை. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்தும்போது வருவது வேறொன்று: யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்தது, குளிர்ச்சியும் நறுமணமும் உடையது. வெள்ளையா சிவப்பா என்று பாட்டுச் சொல்லவில்லை. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மோட்டிமர் வீலர் அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல் நாட்டு இரட்டைப் பிடிச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. வைன் ஏற்றிவந்த சாடிகள். ஆக, கப்பலில் வந்த வைனுக்குத் தமிழ் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே பெயர் வைத்துவிட்டது. அதுவும் தேறல் என்றே.

இவ்வளவும் தெரிந்தும் பேனா ஏன் நின்றது? அவனே சொன்னான்.

"நீங்க எங்களுக்கு அந்தப் பாட்டெல்லாம் படிப்பிக்கல்ல சேர். ஒளவையார் அதியமானுக்கு அழுத பாட்டு வந்தப்போ பக்கத்தத் திருப்பிட்டீங்க. நான் ஏன்னு கேட்டேன். பரீட்சைக்கு வராதுன்னீங்க. நான் பிறகு நூலகத்துல போய்ப் படிச்சேன்."

நேயர்களே, என் தகப்பனார் கலஹாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர். சம்பள நாளில் தவறணைக்குப் போய்விட்டுத்தான் லயத்துக்கு வருவார். கையில் காசு இல்லாத மாதங்களில் கசிப்பு. அவர் இறந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. அம்மா கொழுந்தெடுத்து எங்கள் மூவரையும் படிக்கவைத்தார். திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. குடித்தவன் முகம் பெற்றவளுக்கே பொறுக்காது என்கிறார் வள்ளுவர். அந்த அதிகாரத்தை நான் குரலெடுத்துப் படிப்பிப்பேன். என் வகுப்பில் பாதிப்பேர் தோட்டத்துப் பிள்ளைகள். வீட்டில் அவர்கள் பார்ப்பதை ஒளவையாரும் அதியமானும் சேர்ந்து செய்தார்கள் என்று எந்த வாயால் சொல்வது? அதனால் பக்கத்தைத் திருப்பினேன். செய்தது முழுப் பிழை என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. ஆனால் பரீட்சைக்கு வராது என்று சொன்னது பொய்ச் சமாதானம். அதைப் பிள்ளை கண்டுகொண்டிருக்கிறான்.

"உன் வீட்டிலும் அப்பா..." என்று இழுத்தேன்.

"ஆமா சேர். அதான் நான் இந்த வேலையில இருந்தும் குடிக்கிறதில்ல. வாய்ல வெச்சுப் பார்த்துட்டுத் துப்பிருவோம். அது எங்க தொழில்ல முறைதான். எங்கப்பா என்ன குடிக்கிறோம்னு ஒரு நாளும் பார்த்ததில்ல சேர். எது கிடைச்சாலும் சரி அவருக்கு."

தேறல் என்றே எழுதிக் கொடுத்தேன். 'குளிர்ந்த, தெளிந்த, நெல்லிப் புளிப்புடைய வெண் தேறல், இனிப்பற்றது.' அடைப்புக்குள் வைன் என்றும் போடச் சொன்னேன். விருந்தினர் எல்லாரும் புலவர்கள் அல்லர்.

இந்த வருடம் உயர்தர வகுப்பில் புறநானூற்றின் 235ஆம் பாட்டைப் படிப்பித்தேன். அதியமான் இறந்தபின் ஒளவையார் பாடிய கையறுநிலை. சிறிதளவு கள் கிடைத்தால் அதை எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட எங்களோடு சேர்ந்து மகிழ்ந்து உண்பான் என்று தொடங்குகிறது. சொல்லும்போது என் குரல் சற்றே தடுமாறியது. சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. கடைசி வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழுந்தாள். அவள் வீட்டு நிலைமை எனக்கு ஓரளவு தெரியும்.

"கொஞ்சமா இருந்தா அவருக்குன்னு வெச்சுக்க மாட்டாரா சேர்?"

"மாட்டான். கொடுத்துவிடுவான்" என்றேன்.

அவள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்த பாடத்துக்கு மணி அடித்துவிட்டது. மீதிப் பாட்டை மறுநாள் முடித்தோம்.