சூரைச்செடியின் அடியில் ஓர் இறைவாக்கினர்



“ஃபாதர், என் மகளைக் கவுன்சிலிங்குக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். போகலாமா? செபம் செய்தால் போதாதா?” பங்குகளில் அருள்பணியாளர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்கிறவருக்கு இரண்டு பயம். விசுவாசம் இல்லாத குடும்பம் என்று ஊர் சொல்லுமோ என்பது ஒன்று. அங்கே போனால் என்ன செய்வார்களோ என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் இன்று இறைவாக்கினர் எலியாவின் துணையோடு பார்ப்போம்.

அரசர்கள் முதல் நூலைத் திறந்து பாருங்கள். கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் 450 பேருக்கு எதிரே தனியாக நின்று வென்றவர் எலியா. அடுத்த அதிகாரத்திலேயே, அதாவது 19ஆம் அதிகாரத்தில், அரசி ஈசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடுகிறார். பணியாளரையும் வழியில் விட்டுவிட்டு, பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் கேட்கிறார். எலியாவைவிட விசுவாசத்தில் உறுதியானவர் நம்மில் யார்? ஆகவே, மனம் சோர்ந்தவரைப் பார்த்து “உனக்கு விசுவாசம் போதாது” என்று இனி நாம் சொல்ல வேண்டாம்.

கடவுள் என்ன செய்தார் என்று கவனியுங்கள். முதலில் எலியாவைத் தூங்க விட்டார். பிறகு வானதூதர் வந்து தொட்டு எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் காட்டினார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். வானதூதர் கோபிக்கவில்லை, இரண்டாம் முறையும் வந்து சாப்பிடச் சொன்னார். அங்கே பிரசங்கம் இல்லை. உடலுக்குத்தான் முதல் கவனிப்பு. மனநல மருத்துவர் தூக்கத்தையும் பசியையும் பற்றி விசாரிப்பதும், தேவையானால் மாத்திரை தருவதும் இந்த வகையைச் சேர்ந்தவை. சர்க்கரை நோய்க்கு நாள் தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறோம். மனநோய்க்கான மாத்திரையை மட்டும் ஒரு செபக்கூட்டத்துக்குப் போய்வந்ததும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தவே கூடாது.

அடுத்து, ஓரேபு மலையில் ஆண்டவர் எலியாவிடம், இங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்கிறார். எல்லாம் அறிந்த ஆண்டவருக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. சொல்லித் தீர்க்க வேண்டிய தேவை எலியாவுக்கு இருந்தது. ஆண்டவர் இரண்டு முறை கேட்கிறார். எலியா இரண்டு முறையும் அதே புலம்பலைச் சொல்கிறார். ஆண்டவர் பொறுமையாகக் கேட்கிறார்.

உள்ளத்தில் கிடப்பதைப் பேசவைப்பதையே சிகிச்சையாக்கியவர் வியன்னாவைச் சேர்ந்த மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்டு. அவருடைய முறையில், வந்தவர் மனத்தில் தோன்றுவதையெல்லாம் மறைக்காமல் சொல்வார். மருத்துவர் சிறுவயது வரை சென்று வேரைத் தேடுவார். அதற்கு ஆண்டுக்கணக்கில்கூட ஆகலாம். சமயத்தைப் பற்றி ஃப்ராய்டு சொன்னதை நாம் ஏற்பதில்லை. ஆனாலும் நம்மை அறியாமலே பழைய காயம் நம்மை ஆட்டிப்படைக்கும் என்ற அவருடைய எச்சரிக்கையைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்கரான கார்ல் ரோஜர்ஸ் இறையியல் கல்லூரியில் சேர்ந்து, பின்பு உளவியலுக்கு மாறியவர். ஆற்றுப்படுத்துபவர் ஒளிவுமறைவின்றி, வந்தவரை நிபந்தனையின்றி மதித்து, அவர் நிலையில் தம்மை வைத்துக் கேட்டால், அவரே தம் வழியைக் கண்டுகொள்வார் என்றார். இந்த முறையில் அறிவுரை குறைவு, செவிகொடுத்தல் அதிகம்.

எலியாவின் புலம்பலில் ஒரு தப்புக் கணக்கு இருந்தது. தாம் ஒருவர் மட்டுமே எஞ்சியிருப்பதாக அவர் நினைத்தார். பாகாலுக்கு மண்டியிடாத 7,000 பேர் இருக்கிறார்கள் என்று ஆண்டவர் திருத்துகிறார். 1960களில் மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய முறை, இப்படித் தவறாகக் கணக்குப் போடும் எண்ணங்களைப் பிடித்துச் சோதிப்பது. “வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்தவில்லை, அதனால்தான் என் பிள்ளை இறந்துபோனான்” என்று ஒரு தாய் இரவெல்லாம் அழுகிறாள் என்று வையுங்கள். இதற்கு ஆதாரம் என்ன, இதே நிலையில் உன் தங்கை இருந்தால் அவளிடம் இப்படிச் சொல்வாயா என்று ஆற்றுப்படுத்துபவர் கேட்பார். வீட்டில் செய்துபார்க்கப் பயிற்சியும் தருவார். சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இந்த முறை பரவலாகப் பயன்படுகிறது. பெரும்பாலும் சில மாதங்களில் முடிந்துவிடும்.

கடைசியாக ஆண்டவர் எலியாவுக்குப் புதிய வேலை கொடுக்கிறார். எலிசாவைத் தமக்குப்பின் இறைவாக்கினராகத் திருப்பொழிவு செய்யச் சொல்கிறார். வாழ்வதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது, துணைக்கு ஒருவரும் கிடைக்கிறார். யூத மருத்துவர் விக்டர் ஃபிராங்கிள், ஆஷ்விட்ஸ் உள்ளிட்ட நாத்சி முகாம்களில் அடைபட்டு 1945இல் மீண்டவர். பெற்றோரையும் மனைவியையும் சகோதரரையும் இழந்தவர். வாழ்வின் பொருளைக் கண்டடைய உதவுவதே அவருடைய லோகோதெரபி.

இவற்றில் எது சிறந்தது? காயத்தைப் பொறுத்தது. இன்று பலர் இந்த முறைகளைக் கலந்தே பயன்படுத்துகிறார்கள். எந்த முறையானாலும், வந்தவருக்கும் ஆற்றுப்படுத்துபவருக்கும் இடையே உள்ள நம்பிக்கையுறவு குணமடைய மிகவும் துணைசெய்கிறது என்று ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டுகின்றன. ஆகவே ஒருவரிடம் மனம் திறக்க முடியாவிட்டால் இன்னொருவரிடம் போகலாம். முயற்சியைக் கைவிட வேண்டாம்.

அப்படியானால் ஒப்புரவு அருளடையாளம் எதற்கு? செய்த பாவத்துக்கு மன்னிப்பு பெறுவதற்கு. மெய்யான குற்றத்தை உளவியல் சிகிச்சையால் மட்டும் நீக்க முடியாது என்று 1953இல் உளச்சிகிச்சையாளர்களிடமே திருத்தந்தை 12ஆம் பயஸ் கூறினார். அதேபோல், அந்தத் தாய் செய்யாத பாவத்துக்காக வாரந்தோறும் பாவசங்கீர்த்தனம் செய்வதால் மட்டும் அவளுடைய நோய் தீராது. மேய்ப்புப்பணியில் உளவியலின் கண்டுபிடிப்புகளையும் பயன்படுத்த வேண்டும் என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் கேட்டுக்கொண்டது. திருத்தந்தை பிரான்சிஸ் தம் 42ஆம் வயதில் ஆறு மாதங்கள் ஓர் உளப்பகுப்பாய்வாளரிடம் சென்றதை மறைக்காமல் சொன்னார். திருத்தந்தைக்கு இல்லாத வெட்கம் நமக்கு எதற்கு?

சாக வேண்டும் என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால், சும்மா சொல்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். அருகில் இருங்கள். 14416 என்ற அரசின் இலவச எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். அரசு மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்லுங்கள். தற்கொலையில் ஒருவரை இழந்த குடும்பங்களுக்கும் ஒரு சொல்: கடுமையான மனக்கலக்கம் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கிறது, அவர்களின் மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது என்றுதான் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. அவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுங்கள்.

அந்த மகளுக்காகச் செபமாலையும் சொல்லுங்கள், கவுன்சிலிங்குக்கும் கூட்டிப்போங்கள். எலியாவை எழுப்பி நடக்கவைத்த ஆண்டவர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக! ஆமென்.